இரண்டாயிரத்து முப்பத்திரண்டில் மறைந்தவர்

சங்கரிக்கு எண்கள் என்றால் பிடிக்காது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். எண்களுக்குத்தான் என்னைப் பிடிக்காது. நான் பார்க்கிறவரை ஒழுங்காக நிற்கும். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நாற்பத்தெட்டு எண்பத்துநான்காகியிருக்கும். கூட்டலில் மேலே ஏற்றிவைத்த ஒன்று எங்கே போனது என்று கடைசிவரை தெரியாது. முள் கடிகாரத்தில் மணி பார்க்க இன்றுவரை எனக்கு வராது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் நம்பரை நான் பார்ப்பதே இல்லை, ஊர்ப் பெயரைத்தான் படிப்பேன். புதிய பஸ்களில் ஊர்ப் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும் பலகை வைத்தபோது, என்னைப் பழிவாங்கவே வைத்தார்கள் என்று நினைத்தேன்.

எழுத்து மட்டும் என்னிடம் ஒருநாளும் விளையாடியதில்லை. நாலாவது படிக்கும்போதே பக்கத்து வீட்டு அக்காவின் விடுப்புக் கடிதங்களை நான்தான் எழுதிக் கொடுப்பேன். படித்த ஆசிரியை, அக்காவுக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று நம்பி வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார். எட்டாவதில் மாவட்டக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. பரிசு கொடுத்தவர் மேடையிலேயே, "வீட்டுல யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, மறைமலைநகர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர் என் அப்பா ராஜேந்திரன். அவர் எழுதுவதெல்லாம் டிரிப் ஷீட் ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அப்பாதான் ஓடிப்போய் எடுத்துவந்தார்.

இப்படித்தான் நான் வளர்ந்தேன். கணக்கு வகுப்பில், "இவ்வளவு எழுதத் தெரிஞ்சவளுக்குக் கணக்கு வராதா? திமிரு" என்பார்கள். தமிழ்ப் போட்டிகளில், "வாய்ப்பாடு தெரியாதவளா இதை எழுதினா?" என்பார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை நம்ப மாட்டார்கள்.

ஒன்பதாவது முடித்த கோடை விடுமுறையில் பரணிதரன் அண்ணனின் பிளெக்ஸ் கடைக்குப் போகத் தொடங்கினேன். சித்தி மகனின் காதுகுத்துக்கு பேனர் சொல்லப் போன இடத்தில், அவர் போட்டிருந்த வரியைப் பார்த்து வாய் சும்மா இருக்காமல், "இதையே எத்தன வருஷம்ணா போடுவீங்க? புள்ள பேரு மட்டும்தான் மாறுது" என்றேன். "அப்ப நீ எழுதும்மா, பாக்கலாம்" என்று நாற்காலியைத் தள்ளினார். எழுதினேன். அன்றிலிருந்து மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் நான்தான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது: வரிகள் என்னுடையவை, தேதி, மணி, போன் நம்பர் எல்லாம் அவருடையவை.

பத்தாம் வகுப்பு தொடங்கிய புதிதில் ஒருநாள் அந்த ஒப்பந்தம் உடைந்தது. அண்ணன் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வாசலில் பேனர் கட்டப் போயிருந்தார். நான்கு ஷேர் வேன் டிரைவர்கள் கடைக்குள் வந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த சுப்பிரமணி காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். சாயந்திரம் எடுக்கிறார்கள், அதற்குள் பேனர் வேண்டும்.

"எப்பவும் போடுவீங்களே, மண்ணை விட்டு மறைஞ்சாலும்னு, அதையே போடும்மா" என்றார் ஒருவர்.

"அவரு எப்டிப்பட்டவருண்ணா?" என்று கேட்டேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வயதான ஒருவர், "பேஜாரு புடிச்ச ஆளும்மா. ஒரு சீட்டு காலியா இருந்தாலும் வண்டிய எடுக்க மாட்டான். தூரத்துல ஒரு கெழவி வந்துகினு இருந்தா, அது வந்து ஏர்ற வரிக்கும் நிப்பான். உள்ள குந்தினு கீறவன்லாம் கத்துவான். சிரிச்சுகினே இருப்பான்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுதினேன்:

கடைசி ஆள் ஏறாமல் வண்டி எடுக்க மாட்டாயே,
எங்களை ஏற்றாமல் எப்படிக் கிளம்பினாய்?

படித்துக் காட்டியதும் அந்த நான்கு பேரும் கடைக்குள்ளேயே அழுதார்கள். மறைந்த வருடம் மட்டும்தான் பாக்கி. அண்ணனுக்குப் போன் செய்தேன். "சாவு பேனரு காத்துகினு இருக்காதும்மா, வருஷத்த நீயே போட்டு ஓட்டச் சொல்லு" என்றார். போட்டேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே இருந்தது. அச்சு ஓட்டுகிறவர் வந்ததை ஓட்டுவார், படிக்க மாட்டார்.

சாயந்திரத்துக்குள் வேன் ஸ்டாண்டில் பேனர் ஏறிவிட்டது. படத்தில் சுப்பிரமணி சிரித்தார், கீழே என் வரிகள், அதற்கும் கீழே பெரிய எழுத்தில் "மறைவு: 2032".

இருபத்து மூன்றை முப்பத்திரண்டாக்கியிருந்தேன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்களாம். ராத்திரிக்குள் வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றியது. 'எமனுக்கே லீவு கொடுத்த பிளெக்ஸ் கடை' என்று தலைப்பு வேறு. என் வகுப்பில் எல்லோருடைய போனிலும் அது இருந்தது. நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஒரு மனிதருடைய சாவைக் கேலியாக்கிவிட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் டிரைவர்கள் புதுப் பேனருடன் போனபோது, சுப்பிரமணியின் மனைவி சம்பூர்ணம் அதைக் கட்டவிடவில்லை. அப்பாதான் வந்து சொன்னார். அந்த அம்மா ஸ்டாண்டிலேயே நின்று, "தப்புன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு என் வூட்டுக்காரருக்கு ஒம்போது வருசம் கூடக் குடுத்துக்கீது. நீங்க யார்னா குடுத்தீங்களா? கயிட்டக் கூடாது" என்றாராம். அதனால் அது அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் புது விதி போட்டார்: எந்த எண்ணாக இருந்தாலும் நான் எழுத்தால் எழுதித் தர வேண்டும், இலக்கமாக அவர் மாற்றிக்கொள்வார்.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு என்னைத் திட்டாத ஒரே கணக்கு ஆசிரியை ஷபானா மிஸ்தான். அவர் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். என் பழைய விடைத்தாள்களை வாங்கிப் பார்த்தார். "வழி எல்லாம் சரியாப் போட்டிருக்க. எண்ண எடுத்து எழுதுற இடத்துலதான் கவுந்துடுது. இது சோம்பேறித்தனம் இல்ல சங்கரி" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பரிசோதனை எல்லாம் முடிந்து, கணக்கு சார்ந்த கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. எனக்குத் திமிர் இல்லை என்று முதல்முறையாக யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

பொதுத்தேர்வில் கணக்குக்குக் கால்குலேட்டரும் கூடுதல் நேரமும் தருவார்கள் என்று பள்ளியிலிருந்து விண்ணப்பம் போனது. அனுமதியும் வந்தது. தலைமையாசிரியர் செல்வராஜ் சார் என்னை அழைத்து, பெரிய உபகாரம் செய்தவராகச் சிரித்தார்.

"உனக்குத் தமிழ்த் தேர்வுல இருந்தும் விலக்கு வாங்கிட்டேன்மா. எழுதவே வேணாம். பாரம் குறையட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. அதுவரை அந்தப் பள்ளியில் கற்றல் குறைபாடு என்று வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் எழுத்துக் கூட்டத்தான் சிரமம். அவர்களுக்கு மொழித்தாள் விலக்கு வாங்கி வாங்கி அவருக்குக் கை பழகியிருந்தது. எனக்கும் அதே கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டார்.

"சார், எனக்குத் தமிழ் வேணும்."

"அதான் நல்லா வருதேம்மா, அப்புறம் என்ன பரீட்சை எழுதி நிரூபிக்கணும்? இதப் பாரு, இப்போ போய் மாத்தச் சொன்னா, ஃபைலை மறுபடி எடுப்பாங்க. தமிழ்ல கெட்டின்னு தெரிஞ்சா சான்றிதழே சந்தேகம்னு எல்லாத்தையும் ரத்து பண்ணிடுவாங்க. கால்குலேட்டர் போச்சுன்னா கணக்குல நீ பாஸாவியா?"

மாட்டேன். காலாண்டில் பதினொன்று, அரையாண்டில் அதற்கும் கீழே. கணக்கில் போனால் பத்தாவதே போச்சு. கேட்காமல் இருந்தால் பாஸாகலாம், ஆனால் மார்க் ஷீட்டில் தமிழ் என்ற இடம் மட்டும் காலியாக இருக்கும். கேட்டால் இரண்டும் கிடைக்கலாம், இரண்டும் போகலாம்.

வீட்டில் அம்மா ரேணுகா, "வாயை மூடினு பாஸாயிட்டு வாடி" என்றார். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "உனுக்கு இன்னா வேணும்னு சொல்லு. போலாமா, வேணாமா?" என்றார்.

"போலாம்பா."

"அப்ப நாளிக்கி ஷிப்ட்டு முடிச்சிட்டு வர்றேன். எழுதி ரெடியா வெய்யி."

மனுவை அன்றிரவே எழுதி முடித்தேன். என் வாழ்க்கையில் அதுவரை எழுதியதிலேயே சிறந்தது என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாகத் தூங்கினேன். அதுதான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

அனுமதி கொடுத்த கல்வி அலுவலகத்தில் அதிகாரி ஒரு அம்மா. தடித்த கண்ணாடி, மேசை முழுக்க ஃபைல். அப்பா காக்கிச் சட்டையுடன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி மனுவை முதலில் வேகமாகப் படித்தார். பிறகு நிதானமாக மறுபடியும் படித்தார். எனக்குள் பெருமை பொங்கியது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"நீயேவா?" சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இப்படி எழுதுற பொண்ணுக்குக் கற்றல் குறைபாடா? யாரை ஏமாத்தப் பாக்கறீங்க? கணக்கு படிக்கச் சோம்பேறித்தனப்பட்டு சர்டிபிகேட் வாங்கியிருக்கீங்க. நான் மொத்தத்தையும் மறுபடி விசாரிக்கச் சொல்லப் போறேன்."

செல்வராஜ் சார் சொன்னது அப்படியே நடந்தது. நல்லா எழுதியதுதான் குற்றம். அப்பா, "மேடம்... மேடம்..." என்று மென்று விழுங்கினார். எனக்கு அழுகை வரவில்லை. எட்டாவதில் கோப்பையை வைத்துவிட்டு இறங்கினேனே, அந்தக் கோபம் மொத்தமும் திரும்ப வந்தது. ஆனால் இந்த முறை நான் இறங்கவில்லை.

"மேடம், நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. அதனால உங்களுக்குக் காதும் கேக்காதுன்னு யாராவது எழுதிக் குடுத்தா சும்மா இருப்பீங்களா? இல்ல, காது நல்லாக் கேக்குது, அதனால கண்ணாடி எதுக்குன்னு பிடுங்கினா விடுவீங்களா?"

அறையில் இருந்த கிளார்க் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். அதிகாரியின் முகம் சிவந்தது. அவர் மணியை அடித்து எங்களை வெளியே அனுப்பியிருப்பார். அதற்குள் அப்பா வாய் திறந்துவிட்டார்.

"தப்பா எட்துக்காதீங்க மேடம். வேன் ஸ்டாண்டாண்ட ஒரு சாவு பேனரு கீது. பாத்துக்கீறீங்களா?"

"எந்த பேனர்?"

"சுப்ரமணின்னு ஒரு டிரைவரு..."

மணிமேல் இருந்த கை அப்படியே நின்றது. "ரெண்டாயிரத்து முப்பத்திரெண்டா?"

"அதான் மேடம். அந்த வருசத்தப் போட்டதும் எம் பொண்ணுதான். அந்த வரிய எழுதினதும் இதான்."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கண்ணில் படக்கூடாது என்று நான் பெரும்பாலும் சுற்றிப் போய்த் தவிர்த்துக்கொண்டிருந்த பேனரை அப்பா கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டார். ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"கடைசி ஆள் ஏறாமல் வண்டி எடுக்க மாட்டாயே..." எங்கள் பக்கம் திரும்பினார். "தினமும் ஜீப்புல போகும்போது படிக்கிறேன். எங்க அப்பா போனப்போ எனக்கு அழுகை வரல. ஆறு மாசம் கழிச்சு இந்த பேனரப் பாத்துதான் அழுதேன். அப்புறம் கீழ வருஷத்தப் பாத்துச் சிரிச்சேன். ஒரே ஆளா ரெண்டையும் செஞ்சது?"

"ஒரே ஆள்தான் மேடம்" என்றேன்.

"சரி, வருஷத்த ஏன் அப்படிப் போட்ட? அவசரமா?"

"இல்ல மேடம். நல்லாப் பாத்துத்தான் போட்டேன். இப்பவும் அந்தப் பக்கம் போனா எனக்குச் சில நாள் அது சரியாத்தான் தெரியுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு கிளார்க்கை அழைத்து, "இந்தப் பொண்ணு தமிழ் எழுதும். கணக்குக்குக் கொடுத்தது அப்படியே இருக்கட்டும். ஆர்டரை மாத்தி டைப் பண்ணுங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றார். எங்களை அனுப்பும்போது, "காது எனக்கு நல்லாக் கேக்கும்" என்றார். அப்போதுதான் சிரித்தார்.

வெளியே வந்து அப்பா டீக்கடையில் உட்கார்ந்தார். "இன்னா வாய்டி உனுக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "நல்ல வாய்" என்றார்.

தமிழ்த் தேர்வு அன்று கூடுதல் தாள் வாங்கி வாங்கிக் கட்டினேன். மேற்பார்வைக்கு வந்தவர், "போதும்மா, திருத்தறவங்க பாவம்" என்றார். அன்றைக்கு நான் ராணி.

கணக்குத் தேர்வுக்குத் தனி அறை, மேசைமேல் கால்குலேட்டர். முதல் கேள்வியைப் பார்த்ததும் எண்கள் வழக்கம்போல நடமாடத் தொடங்கின. கால்குலேட்டரில் தட்டினேன். ஒருமுறை ஒரு விடை, மறுமுறை வேறு விடை. கால்குலேட்டர் என்ன செய்யும், நான் தப்பாகக் கொடுத்தால் தப்பாகத்தானே போடும்? இத்தனை சண்டை போட்டு வாங்கிய பொருள் கைக்குள்ளேயே இருக்கிறது, பிரயோஜனமில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பரணிதரன் அண்ணனின் விதி ஞாபகம் வந்தது. கேள்வியில் இருந்த எண்ணை விரலால் மறைத்து, ஒவ்வொரு இலக்கமாகத் திறந்து, ஓரத்தில் எழுத்தால் எழுதினேன். எழுபத்து இரண்டு. நூற்று ஐம்பத்து நான்கு. கண்ணை மூடித் திறந்தேன். எழுபத்து இரண்டு எழுபத்து இரண்டாகவே இருந்தது. எழுத்து என்னிடம் விளையாடாது என்று சொன்னேனே. அந்த எழுத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன். வந்த விடையையும் முதலில் எழுத்தால் எழுதி, பிறகு இலக்கமாக்கினேன். ஆமை வேகம்தான். அதற்குத்தானே கூடுதல் நேரம். என் கணக்கு விடைத்தாளின் ஓரமெல்லாம் தமிழ் ஓடியது. எல்லோரும் கணக்கைக் கணக்காக எழுதினார்கள், நான் அதையும் தமிழில்தான் எழுதினேன். எல்லாக் கேள்விகளையும் தொட முடியவில்லை. தொட்டதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

ரிசல்ட் வந்த அன்று நான் மாமல்லபுரத்தில் இருந்தேன். கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு மீன் வறுவல் கடைத் திறப்புக்கு அண்ணன் ஏணிமேல் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்தார், நான் கீழே கயிறு பிடித்திருந்தேன். இடுப்பில் போன் அதிர்ந்தது. கயிற்றை விட்டேன். பேனர் ஒரு பக்கம் தொங்கியது, அண்ணன் கத்தினார்.

தமிழ், 99. இலக்கத்தை இடம் மாற்றினாலும் அதேதான், அது என்னை ஏமாற்ற வழியே இல்லை. கடல் காற்றில் ஒரு கத்து கத்தினேன், மீன் கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். பிறகு கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே வந்தேன். ஆங்கிலம் பரவாயில்லை. அடுத்தது கணக்கு. விரலை எடுத்தேன்.

53.

கண்ணைக் கசக்கினேன். 35.

மறுபடி பார்த்தேன். 53. போனைச் சாய்த்தேன். 35. எது, எது என்று பதறி அண்ணனைக் கூப்பிட வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன். பாஸ் மார்க் முப்பத்தைந்து. என் வாழ்நாள் முழுக்க என்னை பஸ் நம்பரைப் பார்க்கவிடாமல் செய்ததும், வகுப்பில் நிற்கவைத்ததும், செத்தவருக்கு ஒன்பது வருடம் கொடுத்ததும் இந்த இரண்டு இலக்கத் திருட்டுத்தனம்தான். அது இன்றைக்கும் தன் வேலையைக் காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கம் புரண்டாலும் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "இன்னாம்மா ஆச்சு? குடு, நான் பாத்துச் சொல்றேன்."

"வேணாம்ணா, சொல்லாதீங்க" என்று போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு எடுத்தார். "எத்தினிம்மா?" என்றார். "பாஸ்பா" என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் பஸ்ஸுக்குள் திரும்பி அதையே கத்திச் சொன்னார். பின்னால் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் மொத்தப் பேரும் கைதட்டுவது கேட்டது.

மார்க் ஷீட் பிறகு வந்தது. அதில் மதிப்பெண்ணை எழுத்தாலும் போட்டிருப்பார்கள். படித்தேன், எது சரி என்று எனக்குத் தெரியும். இப்போது கல்லூரியில் தமிழ் படிக்கிறேன். இன்னமும் ஆட்கள், "கணக்குல எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கும் நான் சொல்லப் போவதில்லை. எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள். நான் பாஸ்.